எலி புகாத விளையாட்டறை

விசுவமடு யோகலிங்கம் தனது நாற்பத்தேழாவது வயதில் ஒரு சேகரிப்பாளராவது என்று தீர்மானித்தார். தீர்மானம் காலையில் முகம் மழிக்கும்போது எடுக்கப்பட்டது. மனைவி பத்மாசனிக்கு அறிவிக்கப்பட்டது மத்தியானம், சோறு போடுவதற்குச் சற்று முன். சாப்பிட்ட பிறகு சொல்லியிருந்தால் சோறாவது சூட்டோடு கிடைத்திருக்கும்.

"இஞ்சாரும், நான் பழைய வீடியோ கேம் சேர்க்கப் போறன்."

பத்மாசனி கறிச்சட்டியை இறக்கி வைத்தார்.

"என்ன சேர்க்கப் போறியள்?"

"வீடியோ கேம். ரீவியில பூட்டி விளையாடுறது. முப்பது நாப்பது வருசத்துக்கு முந்தின பெட்டி, கசெற், ஜொய்ஸ்ரிக், எல்லாம்."

"ஆருக்கு?"

"எனக்கு."

"நேற்று வயலுக்கு உரம் எறிஞ்ச ஆளுக்கோ?"

"ஓம்."

"முழங்கால் நோகுதெண்டு எண்ணெய் போட்ட ஆளுக்கோ?"

"விளையாடுறதுக்கு முழங்கால் தேவையில்லை. பெருவிரல் போதும்."

"சாப்பிடுங்கோ முதல்," என்றார் பத்மாசனி. "வெறுவயித்தில கதைக்கிறியள்."

இதெல்லாம் செந்தூரனால் வந்தது. செந்தூரன் யோகலிங்கத்தோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர், இப்போது சுவிசில் இருக்கிறார். போன கிழமை வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைத்தபோது போனைத் திருப்பித் தன் வீட்டு அறையொன்றைக் காட்டினார். சுவர் முழுக்கத் தட்டு. தட்டு முழுக்கப் பழைய வீடியோ கேம். "இதுதான்ரா என்ர சின்ன வயசு," என்றார் செந்தூரன். குரல் தழுதழுத்தது.

யோகலிங்கம் திகைத்துப்போனார். செந்தூரனின் சின்ன வயது அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதில் கறண்டே இருக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட சின்ன வயது அது. ஆகவே சுவரில் இருக்கிற சின்ன வயதைச் செந்தூரன் சுவிசுக்குப் போன பிறகு வாங்கியிருக்கிறார். வாங்கலாம் என்றால் தானும் ஒன்று வாங்கலாமே என்று யோகலிங்கத்துக்குப் பட்டது.

அவருடைய சொந்த அனுபவம் கொஞ்சம் குறைவுதான். இளந்தாரி வயதில் ஒருமுறை வவுனியாவுக்குப் போனபோது அங்கே காசு கொடுத்து விளையாடுகிற கடையொன்று இருந்தது. ஒரு பின்னேரம் முழுக்க வரிசையில் நின்று, முன்னால் இருந்தவர்கள் திரையில் பறக்கிற வாத்தைச் சுடுவதைப் பார்த்தார். அவருடைய முறை வந்தது. துவக்கைக் கையில் எடுத்தார். கறண்ட் போனது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வாத்து அவருக்காகப் பறந்துகொண்டே இருக்கிறது.

யூரியூப்பில் தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன் புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்குப் பாடம் நடத்தினான். யோகலிங்கம் வயல் வரம்பில் இருந்து அதைப் படித்தார். கண்டதையும் வாங்காதே, ஒரு பெட்டியில் தொடங்கு என்றான் அவன். போலியைப் பார்த்துப் பிடி என்றான். எல்லாவற்றுக்கும் முதல் ஓர் இடம் வேண்டும் என்றான். ஈரம் இல்லாத, தூசி இல்லாத, வெயில் நேரே விழாத, பூச்சி புழு அண்டாத இடம்.

யோகலிங்கத்தின் வீட்டில் அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. அப்படி ஆக்கக்கூடிய இடம் ஒன்று இருந்தது. பின் அறை. சில்லில்லாத சைக்கிள், ஓடாத தண்ணீர்ப் பம்பி, வெறும் உரப்பைகள் ஆகியவை அதில் குடியிருந்தன. எலிகளும் இருந்தன, அவைதான் உண்மையான குடித்தனக்காரர்.

வில்லங்கம் என்னவென்றால், அந்த அறையைப் பத்மாசனியும் கேட்டுக்கொண்டிருந்தார். பல போகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது விதைநெல் வைக்க வேண்டும். போன வருசம் விறாந்தையில் அடுக்கிய விதைநெல்லில் பாதியை எலி தின்றது, மீதியில் பாதி ஈரம் குடித்து முளைக்காமல் போனது. இந்த முறை வயலில் ஒரு துண்டை விதைநெல்லுக்கென்றே ஒதுக்கி, விதைநெல் உற்பத்தியாளர் பதிவுக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். ஒழுங்கான களஞ்சியம் இல்லாவிட்டால் பதிவு கிடையாது என்று விவசாயப் போதனாசிரியர் சொல்லிவிட்டார். பத்மாசனி அறையைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் யோகலிங்கம் சொன்ன பதில் ஒன்றுதான்: "அடுத்த போகம் பாப்பம்."

இப்போது அதே அறையை அவர் தனக்குக் கேட்டார். நாளைக்கே வேண்டும் என்று கேட்டார்.

"அப்ப விதைநெல்?"

"விறாந்தையில கிடக்கட்டும். நெல்லு எங்கயும் கிடக்கும்."

"கேம் கிடக்காதோ?"

"அது நுட்பமான சாமான்."

பத்மாசனி விறாந்தையைக் கூட்டத் தொடங்கினார். காணியும் வீடும் அவருடைய சீதனம். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கறண்ட் பில் மாதாமாதம் அவருடைய பெயருக்குத்தான் வரும்.

யோகலிங்கம் பேச்சோடு நிற்காமல் செயலிலும் இறங்கினார். முல்லைத்தீவு வீதியில் நளீர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தவர், திரும்பி வந்து தொடங்கிய கடை. கொழும்பிலிருந்து வருகிற லொறியில் மின்விசிறி, மாவரைக்கும் மெசின், தையல் மெசின் என்று என்னவும் வரும். யோகலிங்கம் கேட்டதும் நளீர் ஒரு பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார்.

"அண்ணன், இதுக்குள்ள ஒரு லட்சம் கேம் இருக்கு."

"ஒரு லட்சமோ?"

"மேல அடிச்சிருக்கு, பாருங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிப் பார்த்தபோது ஐந்தாவது ஆட்டம் முதலாவது ஆட்டத்தைப் போலவே இருந்தது. ஆறாவது இரண்டாவதைப் போல. மிச்சத் தொண்ணூற்றொன்பதினாயிரத்துச் சொச்சமும் அப்படியே இருக்கும் என்று ஊகித்து யோகலிங்கம் நிறுத்திக்கொண்டார். அது அசலே இல்லை, அசலைப் பார்த்துச் செய்த நகல் என்று யூரியூப் பொடியன் பிறகு சொன்னான். ஒவ்வொரு சேகரிப்பாளனும் இப்படித்தான் தொடங்குகிறான் என்றும் சொன்னான். அந்த இரண்டாவது வசனத்தை யோகலிங்கம் பத்மாசனிக்கும் போட்டுக் காட்டினார்.

அடுத்தடுத்த முறைகளில் நல்ல கசெற் சில கிடைத்தன. வாத்துச் சுடுகிற துவக்கும் கிடைத்தது. இராணுவத் தாங்கி ஓட்டிப் போய் வீடுகளை உடைக்கிற ஆட்டம் ஒன்று இனாமாக வந்தது. அதை யோகலிங்கம் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

ஆனால் துவக்கு வேலை செய்யவில்லை. புது ரீவியில் அது சுடாதாம். பின்பக்கம் குண்டான பழைய ரீவிதான் வேண்டுமாம். நளீர் தேடி எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

ஒருநாள் பின்னேரம் யோகலிங்கம் விறாந்தையில் இருந்து கசெற் ஒன்றைப் பல்லுத்தூரிகையால் துலக்கிக்கொண்டு பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். பத்மாசனி பின்னால் வந்து நின்றார். பொடியன் ஈரத்தைப் பற்றிச் சொன்னான், எலியைப் பற்றிச் சொன்னான், நிலத்தில் வைக்கவே கூடாது என்றான். பத்மாசனி அசையாமல் நின்று கேட்டார். முடிந்ததும், "முதல்ல இருந்து போடுங்கோ," என்றார்.

யோகலிங்கம் போட்டார். இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு, பத்மாசனி கதிரையை இழுத்து முன்னால் இருந்தார்.

"சரி. அறையை எடுங்கோ."

"என்ன?"

"பின் அறையை எடுங்கோ. ஆனா செய்யிறதெண்டா ஒழுங்காச் செய்யவேணும். அரைகுறை வேலை எனக்குச் சரிவராது."

இருபத்து மூன்று வருட இல்லற வாழ்வில் யோகலிங்கம் வென்ற முதல் வாதம் இது. வென்றவர்களுக்கு உரிய பெருந்தன்மையோடு அவர் உடனே சைக்கிளையும் பம்பியையும் வெளியே போட்டார்.

வேலை மார்கழியில் தொடங்கியது. பத்மாசனி தடுக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. தேநீர் கொண்டுவருவார், நின்று பார்ப்பார், ஒரு கேள்வி கேட்பார். நல்ல கேள்விகள். இந்த மனிசிக்குள் இப்படியொரு சேகரிப்பாளர் ஒளிந்திருந்தாரே என்று யோகலிங்கம் வியந்தார்.

"நிலம் வெடிச்சுக் கிடக்கே. ஈரம் மேல வராதோ?"

யோகலிங்கம் நிலத்தைக் கொத்திச் சீமெந்து போட்டார்.

"எலி வயரைக் கடிக்குமெல்லே?"

கதவின் அடியில் தகரம் அடித்தார். யன்னலுக்கு நுண்ணிய கம்பிவலை போட்டார். சுவரில் இருந்த பொந்துகளைப் போத்தல் ஓடு கலந்த சீமெந்தால் அடைத்தார்.

"காத்து வராட்டி பூஞ்சணம் பிடிக்குமாம். அந்தப் பொடியன் சொன்னவன்."

மேலே காற்றுப் போகத் துவாரம் வைத்தார். அதற்கும் வலை.

"நிலத்தில வைக்கப்படாதெண்டெல்லே சொன்னவன்?"

யோகலிங்கம் பனஞ்சிலாகை வாங்கி வந்து, முழங்கால் உயரத்தில் தட்டு அடித்தார். பத்மாசனி அதைக் கையால் அமத்திப் பார்த்தார். பிறகு ஏறி நின்று பார்த்தார்.

"ஆடுது."

"கசெற் என்னப்பா பாரம்? தீப்பெட்டிப் பாரம்."

"இப்ப தீப்பெட்டிப் பாரம். சேர்க்கச் சேர்க்கக் கூடாதோ? செந்தூரன் அண்ணையின்ர சுவர் முழுக்க எண்டியள். நீங்கள் அவரிலும் குறைஞ்ச ஆளோ?"

யோகலிங்கம் செந்தூரனிலும் குறைந்த ஆள் இல்லை. சிலாகையைக் கழற்றிவிட்டு, பாலைமரக் குற்றி நட்டு, மேலே கனத்த பலகை அடித்தார். அதில் ஒரு மாட்டையே கட்டலாம்.

"கதவு ஒடுக்கம்," என்றார் பத்மாசனி இன்னொரு நாள்.

"மனிசர் போகலாம்தானே."

"ரீவி குண்டு எண்டியளே. தோளில வைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போறதெண்டா?"

கதவும் அகலமானது. தோளில் பாரத்தோடு ஓர் ஆள் இடிபடாமல் உள்ளே போய், திரும்பி வரலாம்.

அடுத்த வளவு மீனம்மா ஒருநாள் பார்க்க வந்தார். பத்மாசனியோடு மாதர் சங்கத்தில் இருப்பவர். அறையைச் சுற்றி நடந்தார், தட்டைத் தட்டிப் பார்த்தார், அண்ணாந்து துவாரத்தைப் பார்த்தார்.

"சோக்காய் இருக்கு பத்மா அக்கா. எத்தினை மூட்டை—"

பத்மாசனி இருமினார்.

"என்ன மூட்டை?" என்றார் யோகலிங்கம்.

"சீமெந்து எத்தினை மூட்டை போனதெண்டு கேக்கிறா."

யோகலிங்கம் மகிழ்ச்சியோடு சீமெந்துக் கணக்கை விளக்கத் தொடங்கினார். மீனம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். சீமெந்துத் தூசி என்று யோகலிங்கம் நினைத்தார்.

இதற்கிடையில் காலபோக நெல் விளைந்தது. பத்மாசனி தன் துண்டு வயலில் இறங்கி, வேறு இனக் கதிர்களைத் தேடித் தேடிப் பிடுங்கினார். வெட்டு மெசின் வந்து போனது. விதைநெல் முற்றத்தில் விரித்த படங்கில் காய்ந்தது. யோகலிங்கம் பூச்சு வாளியோடு அந்தப் படங்கைச் சுற்றித்தான் ஒவ்வொரு நாளும் நடந்தார். மிதித்துவிடாமல் கவனமாகவே நடந்தார். ஒரு கமக்காரன் தன் முற்றத்தில் காய்கிற விதைநெல்லைப் பார்த்தும், அது காய்ந்த பிறகு எங்கே போகும் என்று யோசிக்காமல் இருந்தது விசுவமடு வரலாற்றில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவருடைய தலைக்குள் வாத்துப் பறந்துகொண்டிருந்தது.

அறைக்குக் கடைசிப் பூச்சு முடிந்த அன்று பத்மாசனி பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"நாளைக்கு நல்ல நாள். நீங்கள் போய் ரீவியை எடுத்துக்கொண்டு வாங்கோ. நான் அறையைக் கழுவி, விளக்கு ஏத்தி வைக்கிறன்."

"என்ர அறைக்கோ விளக்கு?"

"புதுசா ஒண்டைத் தொடங்கேக்க சாமிக்கு வைக்காமத் தொடங்கிறதோ?"

யோகலிங்கம் பூச்சு வாளியைக் கீழே வைத்தார். தான் கட்டியிருப்பது எப்படிப்பட்ட பெண்ணை என்று இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்துவிட்டதே என்று கவலைப்பட்டார். தெரியாமல் இருந்தது உண்மைதான்.

காலையில் லான்ட்மாஸ்ரர் கை உழவு மெசினில் இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு நளீர் கடைக்குப் போனார். ரீவி தயாராக இருந்தது. முன்பக்கம் சின்னது, பின்பக்கம் பெரியது. ஏற்றிவிட்டுப் புறப்படப் பார்த்தபோது நளீர் விடவில்லை. தேநீர் வந்தது. தேநீருக்குப் பிறகு ரீவியின் வரலாறு வந்தது. வரலாற்றுக்குப் பிறகு உள்ளேயிருந்து நளீரின் மனைவி ஜொஹறா சாப்பாடு போட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

"வீட்டில பாத்துக்கொண்டிருப்பா, நளீர்."

"இல்ல அண்ணன். அக்காதான் போனில கோல் எடுத்தவ. மத்தியானம் சாப்பிட வச்சு ஆறுதலா அனுப்பச் சொல்லி."

"ஏனாம்?"

"வெயிலாம். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதாம்."

யோகலிங்கம் வாழ்நாள் முழுக்க வெயிலில் வேலை செய்தவர். ஆனாலும் அக்கறை என்பது வேறு. ஜொஹறாவின் கோழிக்கறியை அவர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டுப் படலையில் அவர் வந்து இறங்கியபோது முற்றத்தில் படங்கு இல்லை. நிறைகுடம் இருந்தது. மாதர் சங்கம் பாதி அங்கே நின்று வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தன் சேகரிப்புக்கு இவ்வளவு ஆதரவா என்று யோகலிங்கம் ஒரு கணம் மலைத்தார். ரீவியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அகலக் கதவால் இடிபடாமல் உள்ளே போனார்.

கர்ப்பூரம் மணத்தது. பாலைமரக் குற்றியின் மேல், கனத்த பலகையின் மேல், சுவரில் முட்டாமல், காற்றுப் போக இடைவெளி விட்டு, மூட்டை மூட்டையாக விதைநெல் இருந்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் சந்தனப் பொட்டு. முன்னால் குத்துவிளக்கு.

யோகலிங்கம் ரீவியோடு நின்றார். பின்னால் பத்மாசனியின் குரல் கேட்டது.

"வந்திட்டியளோ? சாப்பிட்டியளோ?"

"இது என்னப்பா?"

"விதைநெல்லு."

"அது தெரியுது. இஞ்ச ஏன்?"

"நல்ல நாளெண்டு நேற்றே சொன்னனான்தானே."

"என்ர அறைக்கெல்லே நல்ல நாள்."

"அறைக்குத்தான் வைச்சது. வேற எங்க வைச்சனான்?"

"என்ர கசெற்? என்ர பெட்டி?"

"அலுமாரிக்கு மேல சீலை சுத்தி வைச்சிருக்கு. ஒண்டுக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அந்தத் தாங்கியைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைச்சனான்."

யோகலிங்கம் மூட்டைகளைப் பார்த்தார். எல்லாவற்றையும் தூக்கி வெளியே போடத் தெம்பு இருந்தது. தோளும் இருந்தது, கதவும் அகலம். ஆனால் அவர் ஏரம்புவின் மகன். போரின் கடைசி இடப்பெயர்வில் ஏரம்பு அலுமாரியை விட்டார், கட்டிலை விட்டார், தன் கல்யாணப் படத்தை விட்டார், விதைநெல் மூட்டையைச் சைக்கிளில் கட்டி ஆனந்தபுரம் வரை உருட்டினார். விளக்கு வைத்து ஏற்றிய விதைநெல்லை விதைக்கத்தான் இறக்கலாம் என்பது ஏரம்புவின் சட்டம். இனி ஐப்பசி மழைக்குத்தான் அது வெளியே வரும். அதற்குப் பிறகு தை முடிய அடுத்த விதைநெல் வந்துவிடும்.

மீனம்மா வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை. செருப்பு."

யோகலிங்கம் ரீவியைத் தோளில் வைத்தபடியே ஒரு காலால் மற்றக் காலின் செருப்பைக் கழற்றி, வெளியே தள்ளினார். தான் சரணடைந்தது அந்த இடத்தில்தான் என்பது அவருக்குப் பிறகு யோசித்தபோது விளங்கியது.

அடுத்த கிழமை விவசாயப் போதனாசிரியர் வந்தார். இளம் பிள்ளை, கஜனி என்று பெயர். துவாரத்தைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், பலகைக்குக் கீழே குனிந்து பார்த்தார். இந்தப் பக்கத்தில் இப்படியொரு களஞ்சியத்தைத் தான் காணவில்லை என்றார்.

"ஆர் அம்மா செய்தது?"

"இவர்தான்," என்றார் பத்மாசனி. "எல்லாம் யூரியூப்பைப் பாத்துப் பாத்துச் செய்தவர். நான் ஒண்டும் சொல்லேல்லை."

கஜனி யோகலிங்கத்தை மூட்டைகளுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். மற்றக் கமக்காரர்களுக்குக் காட்டுவதற்காம். படத்தில் யோகலிங்கம் சிரிக்கிறார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பதிவு கிடைத்தது. பத்மாசனி அன்றைக்குப் பாயாசம் வைத்தார். யோகலிங்கம் இரண்டாவது கோப்பையைக் குடித்துவிட்டு, சாப்பிட்ட பிறகு கதைப்பதன் பலனைத் தாமதமாக உணர்ந்தவராக, மெல்லத் தொடங்கினார்.

"அப்ப என்ர சாமானை எங்க வைக்கிறது?"

பத்மாசனி உண்மையாகவே யோசித்தார். அந்த முகத்தைப் பார்த்தால் எவருக்கும் அவர் மேல் நம்பிக்கை வரும்.

"ஆட்டுக்கொட்டிலில பாதி சும்மாதானே கிடக்கு."

"அது ஒழுகுமப்பா."

"ஓம். இப்ப ஒழுகும். புதுத் தகரம் போட்டா ஏன் ஒழுகுது?"

"நிலம் மண்."

"சீமெந்து போடுங்கோ. உங்களுக்குத் தெரியாததே? ஆனா கொஞ்சம் சரிவா இழுத்துவிடுங்கோ."

"சரிவு ஏன்?"

"தண்ணி தேங்கினா ஈரமெல்லே. உங்கட பெட்டியளுக்கு ஈரம் கூடாதெண்டு அந்தப் பொடியன் எத்தினைதரம் சொன்னவன்."

யோகலிங்கம் யோசித்துப் பார்த்தார். அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. சரிவு நல்ல யோசனை என்றே பட்டது. ஆடு இருக்கிற பாதியை மறித்துவிட்டால் இந்தப் பாதி தனி அறை. மூலையில் ரீவி. ரீவிக்கு முன்னால் கதிரை. வாத்து.

மறுநாள் காலை அவர் கொட்டில் கூரையில் ஏறித் தகரம் அடித்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீனம்மா குரல் கொடுத்தார்.

"பத்மா அக்கா, மற்ற ஆடுகள் எப்ப வருது?"

"அவர் கூரையால இறங்கட்டும்," என்றார் பத்மாசனி.